சீடத்துவ வகுப்பு: என் அனுபவம்

எங்கள் சபையில் நடந்த சீடத்துவ வகுப்பை, அதாவது இயேசுவின் சீடராக வாழக் கற்றுத்தரும் வகுப்பை, முடித்துவிட்டேன். சான்றிதழுக்காகச் சேருகிறவர்களுக்கு இது சரிப்படாது.

முதல் பாடமே பைபிளில் லூக்கா 14-ஆம் அதிகாரம். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கிறான். 20,000 பேரோடு வருகிறவனை 10,000 பேரை வைத்துச் சமாளிக்க முடியுமா என்று ராஜா யோசிக்கிறான். தம் பின்னால் திரளாக வந்த கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துத்தான் இயேசு இதைச் சொல்கிறார்: என் சீடனாவதற்கு முன்னும் இப்படிக் கணக்குப் பார் என்று. ஆள் சேர்க்கிற பேச்சா அது!

காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு சமாதானமாகு என்கிற மத்தேயு 5:23-24 பாடத்துக்கு வீட்டுப்பாடம் ஒன்றுதான்: மனஸ்தாபம் உள்ள ஒருவரிடம் ஒப்புரவாகிவிட்டு அடுத்த வகுப்புக்கு வாருங்கள். பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த என் அண்ணனுக்குப் போன் செய்தேன். "என்னடா, பணம் ஏதும் வேணுமா?" என்றுதான் ஆரம்பித்தார். அப்புறம் வெகுநேரம் பேசினோம். இந்த ஒரு பாடத்துக்காகவே சேரலாம்.

ஜெபத்தைப் பற்றிய பாடம்தான் சொதப்பல். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபியுங்கள் என்கிறது மத்தேயு 6. இவர்களோ தினமும் எத்தனை நிமிடம் ஜெபித்தோம் என்று படிவத்தில் எழுதி, எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொன்னார்கள். நான் என் படிவத்தைக் காலியாகவே கொடுத்துவிட்டேன்.