ரோமில் இரண்டு நாள் டென்னிஸ்: எந்த டிக்கெட் வாங்கினால் போதும்

கடைசியில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மே மாதம் ரோமில் நடக்கும் இத்தாலிய ஓபனுக்குப் போக நினைப்பவர்கள், முதல் வாரத்தில் ஒரு நாளுக்குக் கிரவுண்ட் டிக்கெட், அதாவது பெரிய அரங்கத்தைத் தவிர மற்ற கோர்ட்டுகளுக்கான டிக்கெட், வாங்குங்கள். அது போதும். பெரிய அரங்கத்துக்கு என் மகள் கொடுத்த பணத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. கிரவுண்ட் டிக்கெட் விலை அதில் ஒரு சின்னப் பங்குதான். ஆனால் கண்ணாரப் பார்த்தது எல்லாம் அந்த நாளில்தான்.

நான் டென்னிஸ் ஆடியவன் இல்லை. ஆடுகிறவர்களுக்குத் தரை போட்டவன். அப்பா ரயில்வே கிளப்பில் மார்க்கராக இருந்தார். விடிவதற்குள் தண்ணீர் தெளித்து, ரோலர் இழுத்து, சுண்ணாம்பில் கோடு போட்டு வைத்துவிட வேண்டும். பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை ரோலரின் இன்னொரு பக்கம் என் கையில் இருக்கும். அதனால் எந்த மேட்ச் பார்க்க உட்கார்ந்தாலும் என் கண் ஆட்டக்காரரைப் பார்ப்பதற்கு முன்னால் தரையைப் பார்த்துவிடும். இதில் எழுதியிருப்பதும் பாதி தரையைப் பற்றித்தான்.

மகள் மிலானில் படிக்கிறாள். 2025 மே மாதம் அவளைப் பார்க்கப் போனபோது, இரண்டு நாள் டென்னிஸ் காட்டுகிறேன் என்று ரோமுக்குக் கூட்டிப்போனாள். வியாழன் எட்டாம் தேதி கிரவுண்ட் டிக்கெட், சனி பத்தாம் தேதி ராத்திரி பெரிய அரங்கம். நாங்கள் போன நேரம், போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்கக் கார்டினல்கள் வாடிகனில் கூடியிருந்தார்கள். மைதானத்துக்குப் போகும் வழியும் அதுவே. மெட்ரோவில் ஒட்டாவியானோ நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து 32-ஆம் எண் பஸ். மெட்ரோவில் வந்த கூட்டத்தில் முக்கால்வாசி ஜெபமாலையோடு ஒரு பக்கம் திரும்ப, தொப்பி போட்ட நாங்கள் கொஞ்சப் பேர் மட்டும் பஸ்ஸுக்கு நின்றோம்.

பஸ்ஸை விட்டு இறங்கினால் ஃபோரோ இத்தாலிகோ வளாகம். ஆற்றுப் பக்கம் நெட்டையாக ஒரு வெள்ளைக் கல்தூண் நிற்கிறது. அதில் முஸ்ஸோலினியின் பெயர் இன்னும் அப்படியே இருக்கிறது. வளாகத்தையே அவர் ஆட்சியில்தான் கட்டினார்கள். தூணை இடிக்கவுமில்லை, மறைக்கவுமில்லை. எல்லோரும் அதன் அடியில் நின்று ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். போட்டி முதலில் தொடங்கியது மிலானில், 1930-ல். ரோமுக்கு வந்தது 1935-ல். அடுத்த வருடமே நின்றுபோய், மறுபடி நடந்தது 1950-ல்தான். மிலான்காரி ஆகிவிட்ட என் மகளுக்கு இதில் ஒரு சின்ன மனக்குறை உண்டு.

சரி, கிரவுண்ட் டிக்கெட்டுக்கு வருகிறேன். இது இருந்தால் பெரிய அரங்கம் மாதிரி இருக்கை எண் போட்ட இடங்களைத் தவிர, மற்ற கோர்ட்டுகளில் இஷ்டப்பட்ட இடத்தில் உட்காரலாம். பயிற்சிக் கோர்ட்டுகளுக்கு வெளியே கம்பி வலை ஓரமாக நிற்கலாம். இந்த டிக்கெட்டில் கிடைக்கும் பெரிய சொத்து பியத்ராஞ்செலி கோர்ட். டி.வி.யில் இதைப் பார்த்து ஒன்றும் புரியாது. நேரில் போனபோது எனக்குச் சட்டென்று தோன்றியது தண்ணீர் இல்லாத ஒரு தெப்பக்குளம். தரைமட்டத்துக்குக் கீழே இறங்கும் வெள்ளைப் பளிங்குப் படிகள், நடுவில் தண்ணீருக்குப் பதில் சிவப்புத் தரை, கரையைச் சுற்றித் துவாரபாலகர் மாதிரி பதினெட்டுப் பளிங்குச் சிலைகள், அதற்குப் பின்னால் குடை விரித்த பைன் மரங்கள். மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான் உட்கார முடியும். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் மேலே சிலைகளுக்கு நடுவில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்க்கிறார்கள். அந்த எட்டிப் பார்க்கிற இடமே மற்ற ஊர்களில் முதல் வகுப்பு இருக்கைக்குச் சமம்.

நிக்கோலா பியத்ராஞ்செலி இத்தாலியின் பழைய பெரிய ஆட்டக்காரர். பாரிஸில் நடக்கும் பிரெஞ்சு ஓபனில் 1959, 1960 இரண்டு வருடமும் பட்டம். டேவிஸ் கோப்பையில் 164 ஆட்டங்கள் ஆடியவர், அந்தக் கணக்கை யாரும் தொடவில்லை. அவர் உயிரோடு இருக்கும்போதே, 2006-ல், இந்தக் கோர்ட்டுக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். 2025 டிசம்பரில் தொண்ணூற்றிரண்டு வயதில் காலமானபோது உடலை மக்கள் பார்வைக்கு வைத்ததும் இங்கேதான்.

பளிங்குப் படிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. காலையில் குளுகுளுவென்று இருக்கும். பகல் இரண்டு மணிக்குத் தோசைக்கல். நிழல் கிடையாது, சாய்வு கிடையாது. உட்கார ஒரு தலையணையோ மடித்த துண்டோ இல்லாமல் போகாதீர்கள். என் துண்டைப் பார்த்து மகள் முதலில் வெட்கப்பட்டாள். மூன்று மணிக்குப் பாதித் துண்டு அவளிடம் இருந்தது.

இனி தரை. நம் பத்திரிகைகள் 'களிமண் தரை' என்று எழுதிப் பழகிவிட்டன. நாம் களிமண் என்று சொல்லும் பொருளுக்கு அங்கே வேலையே இல்லை. அது சுட்ட செங்கல்லை இடித்துச் சலித்த பொடி. பழைய கொத்தனார்கள் சுர்க்கி என்பார்களே, கிட்டத்தட்ட அதே சரக்கு. அதுவும் மேலே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குத்தான். கீழே பொடித்த சுண்ணாம்புக்கல், அதற்கும் கீழே சரளை என்று அடுக்கடுக்காக இருக்கும். கோடுகள் சுண்ணாம்பு இல்லை. வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டையை ஆணி அடித்துப் பதித்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. எத்தனை விடியற்காலைகள் கயிறு பிடித்துக் கோடு போட்டிருக்கிறேன்!

பந்து இந்தப் பொடியில் விழும்போது உராய்ந்து வேகத்தை இழக்கிறது, ஆனால் உயரமாக எழும்புகிறது. அடித்த அடியில் புள்ளி கிடைப்பது கஷ்டம். மூன்று, நான்கு முறை எதிராளியை மூலைக்கு மூலை ஓட விட வேண்டும். ரோமுக்கு முன்னால் நடக்கும் மாட்ரிட் போட்டியும் இதே செங்கல் பொடிதான், ஆனால் அந்த ஊர் அறுநூறு மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் காற்று லேசு, பந்து பறக்கும். ரோம் கிட்டத்தட்டக் கடல்மட்டம். சாயங்காலம் ஈரம் ஏறினால் பந்து இன்னும் மந்தம். இது தெரிந்து உட்கார்ந்தால் ஏன் இவ்வளவு இழுக்கிறார்கள் என்று அலுப்புத் தட்டாது.

ஒவ்வொரு செட் முடிந்ததும் நான்கைந்து பேர் தரையைச் சமப்படுத்தும் வலையை இழுத்துக்கொண்டு வட்டம் வட்டமாக வருகிறார்கள். ஒருவர் கோடுகளைத் துடைப்பத்தால் கூட்டுகிறார். மேட்ச் முடிந்தால் குழாய்த் தண்ணீர். கூட்டம் அந்த நேரத்தில்தான் எழுந்து சாப்பிடப் போகிறது. நான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துச் சின்னக் கோர்ட்டில், வேலை முடித்து ஓரமாக நின்ற பெரியவர் ஒருவரிடம், எப்போது தண்ணீர் விடுவது என்று எப்படித் தெரியும், கேள் என்று மகளிடம் சொன்னேன். அவள் இத்தாலிய மொழியில் கேட்டாள். அவர் வாயால் பதில் சொல்லவில்லை. குனிந்து பொடியைக் கொஞ்சம் கிள்ளி விரல்களுக்கு நடுவில் தேய்த்துக் காட்டினார். அப்புறம் தூரத்தில், வெயில் விழுந்த மூலையைக் கை காட்டினார். அந்த இடம் மட்டும் ரோஜா நிறத்துக்கு வெளுத்திருந்தது. என் அப்பாவும் இதேதான் செய்வார். மகள் மொழிபெயர்க்க ஆரம்பித்தாள். வேண்டாம், புரிந்துவிட்டது என்றேன்.

ஒரு குறை சொல்ல வேண்டும். பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று தகராறு வந்தால் நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கி, தரையில் பதிந்த தடத்தைக் குனிந்து பார்த்து விரல் நீட்டுவார். இந்தத் தரையின் அழகே அந்தக் காட்சிதான். 2025-லிருந்து ஆண்கள் டென்னிஸ் சங்கத்தின் போட்டிகளில் அந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. ரோமில் கோட்டு நடுவர்களே இல்லை. அதற்குச் சில நாள் முன்பு மாட்ரிட்டில் ஜெர்மன் ஆட்டக்காரர் ஸ்வெரேவ், தடம் வெளியே இருக்கிறதே என்று தன் போனை எடுத்துப் படம் பிடித்து, நடுவரிடம் எச்சரிக்கை வாங்கினார். தளர்ந்த பொடியில் பந்தின் தடம் உள்ளபடி பதியாது, கொஞ்சம் பரவும் என்பதும் உண்மைதான். இயந்திரத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் ஆட்டக்காரர்கள் பழக்கத்தில் தடத்தைச் சுற்றி ராக்கெட்டால் வட்டம் போட்டுவிட்டு, யாரிடம் முறையிடுவது என்று தெரியாமல் நிற்பதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாரிஸில் அந்த வருடமும் மனிதர்களையே வைத்திருந்தார்கள்.

ஆண்கள், பெண்கள் இரண்டு போட்டியும் ஒரே வளாகத்தில், ஒரே நாளில் என்பது நம் காசுக்கு நல்ல மதிப்பு. இங்கே ஆண்களுக்கும் மூன்று செட்தான். முன்பு இறுதிப் போட்டி ஐந்து செட். 2006-ல் நடாலும் ஃபெடரரும் இங்கே ஐந்து மணி ஐந்து நிமிடம் அடித்துக்கொண்டார்கள். அதோடு இருவரும் அடுத்த வாரப் போட்டியிலிருந்து விலகிவிட, மறு வருடம் மூன்று செட்டாகக் குறைத்துவிட்டார்கள். ஆக, வேலை இருவருக்கும் சமம். பரிசு அப்படி இருக்கவில்லை. 2023-ல் பட்டம் வென்ற ஆணுக்குப் பதினோரு லட்சம் யூரோ, பெண்ணுக்கு ஐந்தே கால் லட்சம் கூட முழுசாக இல்லை. என்னைக் கேட்டால் நான் அன்று பார்த்த சிறந்த ஆட்டம் பெண்களுடையது. மூன்றாவது செட்டில் ஒரு பெண் பத்தடி சறுக்கிக்கொண்டே போய்ப் பந்தை எடுத்தாள். சறுக்கிய தடம் உழவு சால் மாதிரி நின்றது.

பயிற்சிக் கோர்ட்டில் ஜாஸ்மின் பாவோலினியை ஒரு கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தோம். ஐந்தடி நான்கு அங்குலம் இருந்தால் அதிகம். ஒன்பது நாள் கழித்து அவர்தான் ஒற்றையர் பட்டமும், மறுநாள் சாரா எர்ரானியோடு இரட்டையர் பட்டமும் எடுத்தார். இத்தாலியப் பெண் ஒற்றையரில் ஜெயித்தது 1985-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. மிலானில் டி.வி. முன்னால் உட்கார்ந்து, இந்தப் பெண்ணை எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இரட்டையர் ஆட்டங்களை நம்மவர்கள் விடக்கூடாது. சானியா மிர்சாவும் ஹிங்கிஸும் 2016-ல் இங்கே கோப்பை வாங்கியிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் ஆறு மணி இருக்கும். படிகளில் என் முன்னால் இருந்த குடும்பம் ஆட்டத்தை விட்டுவிட்டு ஒரே போனில் தலையைக் கவிழ்த்தது. எட்டிப் பார்த்தால் புகைக்கூண்டு, அதில் வெள்ளைப் புகை. புதிய போப் தேர்வாகிவிட்டார் என்பதற்கு அதுதான் அடையாளம். படிப்படியாகச் செய்தி மேலே ஏறியது. சிலர் ஓடினார்கள். திரும்பும்போது 32-ஆம் எண் பஸ்ஸை நம்பாமல் ஆற்றங்கரையோரமாக நடந்தே வந்தோம். புதிய போப் பதினான்காம் லியோ டென்னிஸ் ரசிகராம். அடுத்த வாரம் இத்தாலிய ஆட்டக்காரர் யானிக் சின்னர் ஒரு ராக்கெட்டோடு போய், இரண்டு அடி ஆடலாமா என்று கேட்க, இங்கே ஆடினால் எதையாவது உடைத்துவிடுவோம் என்று சிரித்தாராம்.

சனிக்கிழமை ராத்திரி அந்தச் சின்னருக்காகத்தான் பெரிய அரங்கம். ஊக்கமருந்து விவகாரத்தில் விதித்த மூன்று மாதத் தடை முடிந்து அவர் ஆடிய முதல் மேட்ச். மகள் மறுவிற்பனைத் தளம் ஒன்றில் டிக்கெட் எடுத்திருந்தாள். அந்தத் தளத்துக்காரர்கள் டிக்கெட்டை முந்தின நாள் இரவு பதினொரு மணிக்குத்தான் அனுப்பினார்கள். அதுவரை நாங்கள் சாப்பிட்ட சாப்பாடு உடம்பில் ஒட்டவில்லை. பத்தாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் இரும்புக் கட்டுமானம். எங்கள் இடம் உச்சியில். பந்து புளியங்கொட்டை அளவு தெரிந்தது. தரையின் நிறம் விளக்கு வெளிச்சத்தில் ஆரஞ்சாகிவிட்டதால் ஈரமா காய்ந்ததா என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. சத்தம் மட்டும் பிரமாதம். அவர் நடந்து வந்தபோது கூட்டம் எழுந்து நின்று பாடியதில் காலடியில் இரும்பு அதிர்ந்தது. நவோனேவை 6-3, 6-4 என்று முடித்தார். ஆண்களில் இத்தாலியர் பட்டம் வாங்கி அப்போது நாற்பத்தொன்பது வருடம், 1976-ல் பனட்டா. அந்தப் பசி அவர்கள் பாடியதில் தெரிந்தது. கடைசியில் இறுதிப் போட்டியில் அல்கராஸிடம் தோற்றார்.

இந்தச் சத்தத்துக்காக ஒரு முறை போகலாம். ஆட்டத்துக்காகப் போக வேண்டாம்.

நடைமுறைக் குறிப்பு சில. வாயில் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். பியத்ராஞ்செலியில் முதல் மேட்சுக்கு முன் உட்கார்ந்தால்தான் மேற்குப் பக்கம் கிடைக்கும், முதுகில் வெயிலோடு தப்பிக்கலாம். ஒரு மேட்ச் முடியும் முன்பே எழுந்தால் இடம் போச்சு, ஆகவே சாப்பாட்டை முறை வைத்துப் போய் வாங்குங்கள். வெள்ளைச் செருப்பு போடாதீர்கள். இரண்டாம் வாரம் ஆட்டங்கள் குறைந்துவிடும், கிரவுண்ட் டிக்கெட்டுக்கு அவ்வளவு பிரயோஜனமில்லை.

அடுத்த முறை இரண்டு நாளும் கிரவுண்ட் டிக்கெட்தான் என்று மகளிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.

"சின்னர் ஆடினால்கூடவா, அப்பா?"

"பயிற்சிக்கு வருவான் இல்ல, கம்பி வலைக்கு வெளியே நின்னு பார்த்துக்கலாம்."