பெரிய பெயரா, தமிழில் வாசித்துக் காட்டுபவரா? விவாகரத்துக்குச் சட்டத்தரணி தேடியபோது

என் விவாகரத்து வழக்குக்கு நான் அமர்த்திய முதல் சட்டத்தரணியை நான்காம் மாதத்தில் மாற்றினேன். அவர் திறமையில் குறைந்தவர் அல்லர். கொழும்பின் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் பலருக்கும் தெரிந்த பெயர். இரண்டாமவர் கொட்டாஞ்சேனையில் சிறிய அலுவலகம் வைத்திருப்பவர். இருவரிடமும் போய்வந்த பிறகு என் மனம் முழுவதும் இரண்டாமவர் பக்கமே இருக்கிறது.

முதலில் அடிப்படை. இலங்கையில் முஸ்லிம்களுக்கும் கண்டியச் சட்டப்படி மணமுடித்தவர்களுக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. மற்றவர்களுக்கு 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். அது ஏற்கும் காரணங்கள் மூன்றுதான்: மணமான பின் வேறொருவருடன் உறவு, தீய எண்ணத்துடன் துணையைக் கைவிடுதல், மணம் நடந்தபோதே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை. “இருவரும் பேசிப் பிரிகிறோம்” என்பது நம் நாட்டில் காரணமே ஆகாது. ஒருவர் மற்றவரின் குற்றத்தை நிரூபித்தாக வேண்டும். முதல் காரணத்தைச் சொன்னால் அந்த மூன்றாம் ஆளையும் வழக்கில் சேர்க்க வேண்டும். எனக்குப் பொருந்தியது இரண்டாவது காரணம்.

கைவிட்டது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வீட்டை விட்டுப் போனவரே கைவிட்டவர் என்று சட்டம் பார்ப்பதில்லை. வாழமுடியாதபடி நடந்து மற்றவரைப் போகவைத்தவரும் கைவிட்டவரே.

முதல் சட்டத்தரணியின் அறையில் என் கதையைக் கேட்டவர் அவருடைய உதவியாளர். நான் தமிழில் சொல்ல, அவர் ஆங்கிலத்தில் குறித்துக்கொண்டார். சட்டத்தரணியுடன் பேசக் கிடைத்தது பத்து நிமிடம். வழக்குரை, அதாவது நீதிமன்றத்துக்கு நாம் முதலில் கொடுக்கும் பத்திரம், ஆங்கிலத்தில் தயாராகி வந்தது. கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார்கள். ஏனோ மனம் ஒப்பவில்லை. வெள்ளவத்தைக்கு எடுத்துவந்து அண்ணியிடம் கொடுத்தேன். குசினி மேசையில் வைத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தவர், ஏழாம் பந்தியில் நிறுத்தினார்.

“வழக்காளி தமது தாயின் வீட்டுக்குச் சென்றுவிட்டார்.” அவ்வளவுதான் எழுதியிருந்தார்கள்.

நான் சொன்னது வேறு. மழை பெய்த இரவொன்றில் கணவர் என் பையை வாசலில் வைத்துக் கதவைப் பூட்டினார். பைக்குள் மகளின் பாடசாலைச் சப்பாத்து நனைந்து கிடந்தது. அதன் பிறகுதான் அம்மா வீட்டுக்குப் போனேன். பத்திரத்தில் கதவும் இல்லை, பையும் இல்லை. நானாகவே புறப்பட்டுப் போனதாக இருந்தது. அப்படியே தாக்கலாகியிருந்தால், சாட்சிக் கூண்டில் நான் என்ன சொன்னாலும் அந்த வரியைக் காட்டியே குறுக்குக் கேள்வி கேட்டிருப்பார்கள்.

அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரை தமிழில் வழக்காடவும் மொழிபெயர்ப்புப் பெறவும் உரிமை தருகிறது. ஆனால் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் அங்கே பேசப்படுவதைத்தான் மாற்றிச் சொல்வார். சட்டத்தரணியின் அறையில் தவறிப்போன வார்த்தையை அவர் மீட்டுத் தரமாட்டார்.

கொட்டாஞ்சேனைச் சட்டத்தரணி முதலில் சம்பவங்களைத் திகதி வாரியாகத் தமிழில் எழுதினார். ஆங்கிலத்தில் ஆக்கிய பின் பந்தி பந்தியாகத் தமிழில் சொல்லிக் காட்டினார். இரண்டு இடங்களில் நான் திருத்தினேன், முகம் சுளிக்கவில்லை. பிள்ளைக்கான தாபரிப்புக்கு, அதாவது பராமரிப்புச் செலவுக்கு, விவாகரத்து முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் தனியாகக் கேட்கலாம் என்பதையும் அவரிடமிருந்துதான் அறிந்தேன். எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு கட்டணம் என்று முன்கூட்டியே எழுதித் தந்தார். முதலாமவரிடம் ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் தனிக் கட்டணம்.

வழக்குத் தாக்கலாகும் முன்பே மாறியதால் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. தாக்கலான பின் என்றால், கொடுத்த புரொக்சியை, அதாவது நமக்காக வழக்கை நடத்த அவருக்கு எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை, நீதிமன்ற அனுமதியோடுதான் விலக்க முடியும். ஆகவே தயங்குபவர்கள் முன்னதாகவே தயங்குவது நல்லது.

பெரிய பெயர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காணி, சீதனம், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை என்று சிக்கல் உள்ளவர்களுக்கு அந்த அனுபவம் தேவைப்படலாம். எனக்கு அப்படி எதுவும் இல்லாததால் அதை என்னால் எடைபோட முடியாது. ஆனால் புரொக்சி கொடுத்த சட்டத்தரணியை வைத்துக்கொண்டே, விசாரணைக்கு மட்டும் மூத்தவர் ஒருவரை அமர்த்த வழியுண்டு.

பணவசதி குறைந்தவர்களுக்கு 1978ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானத்தைப் பார்த்தே வழக்கை ஏற்பார்கள். நான் ஆலோசனைக்காக ஒருமுறைதான் போனேன், பொறுமையாகக் கேட்டார்கள். அங்கே வழக்கு நடத்திய அனுபவம் எனக்கில்லை.

அழைப்பாணை கிடைத்தும் கணவர் நீதிமன்றத்துக்கு வரவில்லை. அப்படியிருந்தும் ஒருதலை விசாரணையில் நான் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. நீதிபதி கேட்டது, முதல் பத்திரத்தின் ஏழாம் பந்தியில் விடுபட்டிருந்ததைத்தான்: கதவைப் பூட்டியது யார்? முதலில் தற்காலிகத் தீர்ப்பாணை கிடைத்தது. மூன்று மாதம் கழிந்தபின் அது இறுதியானது.