ஓப்பன்ஃபோமில் ஹல் மெஷ் அமைப்புகள்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கப்பலின் ஹல் (உடற்பகுதி) மீது நீர் தரும் எதிர்ப்பைக் கணக்கிட, நீரோட்டத்தைக் கணினியில் உருவகிக்கும் ஓப்பன்ஃபோம் மென்பொருளைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். எந்தப் புதிய ஹல்லை எடுத்தாலும், மெஷ் (ஹல்லைச் சுற்றிய வெளியைச் சிறு செல்களாகப் பிரிக்கும் வலை) அமைப்புகளை முதலில் அம்மென்பொருளுடன் வரும் டிடிசி (டூயிஸ்பர்க் டெஸ்ட் கேஸ்) ஹல்லில்தான் சோதித்துக்கொள்கிறேன். டூயிஸ்பர்க்-எஸ்ஸன் பல்கலைக்கழகம் ஆய்வுக்கென்றே வரைந்த 355 மீட்டர் கன்டெய்னர் கப்பலின் 5.976 மீட்டர் மாதிரி அது. மாதிரிகளை நீரில் இழுத்துச் சோதிக்கும் இழுவைத் தொட்டியில் எடுத்த அளவீடுகள் வெளியிடப்பட்டிருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கிறது.

மொத்தம் எத்தனை செல்கள் என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டு மெஷ் போடுவது வீண்வேலை என்பதே என் கருத்து. செல்லின் அளவை வேகம்தான் தீர்மானிக்க வேண்டும். அந்த மாதிரி நொடிக்கு 1.668 மீட்டர் வேகத்தில் செல்லும்போது எழும் குறுக்கலையின் (செல்லும் திசைக்குக் குறுக்காக முகடுகள் அமையும் அலை) நீளம், ஆழ்நீர் அலைச் சூத்திரப்படி, சுமார் 1.78 மீட்டர். ஓர் அலைநீளத்துக்குக் குறைந்தது 40 புள்ளிகள் என்னும் ஐடிடிசி (சர்வதேச இழுவைத் தொட்டி மாநாடு) வழிகாட்டு நெறியைப் பின்பற்றினால், நீர்ப்பரப்பில் செல் நீளம் 4.5 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அலைநீளம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், வேகம் பாதியானால் அதே மெஷ்ஷில் ஓர் அலைக்குப் பத்துப் புள்ளிகளே மிஞ்சும். உச்ச வேகத்துக்குப் போட்ட மெஷ்ஷைக் குறைந்த வேகத்துக்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது.

செங்குத்துத் திசைக்கு வேறு கணக்கு. அலையின் உயரம் அதன் நீளத்தைவிட மிகச் சிறியது என்பதால், நீர்க்கோட்டருகே செல்கள் தட்டையாக இருக்க வேண்டும். ஓப்பன்ஃபோமின் மெஷ் கருவியான ஸ்னாப்பிஹெக்ஸ்மெஷ் ஒரு செல்லை மூன்று திசைகளிலும் பாதியாக்கி எட்டாகப் பிரிப்பதால், இந்த வேலையை அதனிடம் விட்டால் செல் எண்ணிக்கைதான் பெருகும். ஆகவே செங்குத்து நெருக்கத்தை, அடிப்படை மெஷ்ஷை உருவாக்கும் பிளாக்மெஷ்ஷிலும், கிடைமட்ட நெருக்கத்தை, வேண்டிய திசைகளில் மட்டும் செல்களைப் பிரிக்கும் ரிஃபைன்மெஷ்ஷிலும் கொடுத்துவிட்டு, ஹல்லின் வடிவத்தோடு பொருத்துவதற்கு மட்டும் ஸ்னாப்பியை வைத்துக்கொள்கிறேன்.

அதிக நேரத்தை விழுங்குவது சுவரடுக்குதான், அதாவது ஹல்லை ஒட்டிய மெல்லிய செல் அடுக்குகள். இந்த வேகத்தில் எதிர்ப்பின் பெரும்பகுதி உராய்வு என்பதால் இதில் சோம்பல் காட்ட முடியாது. ஹல்லை ஒட்டிய ஓட்டத்தை முழுதாகக் கணக்கிடாமல் சூத்திரத்தால் மதிப்பிடும் சுவர்ச்சார்பு பயன்படுத்தும்போது ஒய் பிளஸ் (ஹல்லிலிருந்து முதல் செல் மையத்துக்கான தூரத்தின் அலகற்ற அளவு) 30 முதல் 100 வரை இருக்குமாறு பார்த்துக்கொள்கிறேன். இம்மாதிரிக்கு அதை 60 என்று கொண்டால் முதல் செல்லின் மையம் ஹல்லிலிருந்து ஏறக்குறைய 1 மில்லிமீட்டரில் அமையும், அதாவது செல்லின் தடிப்பு 2 மில்லிமீட்டர். அடுக்கின் தடிப்பைப் பக்கத்துச் செல்லுக்கு ஒப்பாகக் கொடுக்கும் 'ரிலேட்டிவ்சைசஸ்' தேர்வு தொடக்கத்தில் எளிதாகத் தோன்றினாலும், வெளி மெஷ்ஷை நெருக்கமாக்கியதும் ஒய் பிளஸ்ஸும் கூடவே நகர்ந்துவிடும். அதை அணைத்துவிட்டுத் தடிப்பை மீட்டரிலேயே கொடுப்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. குமிழ் முகப்பின் நுனியிலும் டிரான்சம் (தட்டையான பின்முனை) விளிம்பிலும் அடுக்குகள் பொதுவாக மெலிந்துபோகும் அல்லது அறுந்துபோகும். சராசரி ஒய் பிளஸ் அதைக் காட்டிக்கொடுக்காது, விடைகளைப் படமாகக் காட்டும் பாராவியூவில் பரப்பு முழுவதையும் பார்த்தாக வேண்டும்.

மெஷ்ஷைச் சரிபார்க்க, செல் நீளத்தை ஒவ்வொரு முறையும் 1.414-ஆல் வகுத்து மூன்று மெஷ்கள் போடுகிறேன். ஒவ்வொரு படியிலும் செல்கள் சுமார் 2.8 மடங்காகும் என்பதால் மூன்றாவது மெஷ் கணினியைத் திணறடிக்கும். ஆனாலும் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, விடை ஒரே பக்கமாக நெருங்குகிறதா, ஊசலாடுகிறதா என்று சொல்ல முடியாது. கப்பல் தாழ்வதையும் முன்பின்னாகச் சாய்வதையும் கணக்கில் சேர்க்கும் நகரும் மெஷ்ஷை, ஹல்லை அசையாமல் நிறுத்திய நிலையில் இம்மூன்றும் ஒத்துவந்த பிறகே தொடங்குகிறேன்.