கொலோனியாவில் இரவு தங்குங்கள்

உருகுவேயின் தென்மேற்குக் கரையிலுள்ள கொலோனியா டெல் சாக்ரமெந்தோ நகருக்குப் பெரும்பாலானோர் புவெனஸ் ஐரிசிலிருந்து விரைவுப் படகில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் வந்திறங்கி, மாலையிலேயே திரும்பிவிடுகின்றனர். திருகோணமலையிலிருந்து அவ்வளவு தொலைவு செல்பவர்கள் அப்படிச் செய்யவே கூடாது. பகற்பயணிகள் புறப்பட்ட பின்னர்தான் அவ்வூரின் அமைதி நமக்குக் கிடைக்கிறது.

நான் தங்கிய சிறிய விடுதி பழைய நகருக்குள்ளேயே இருந்தது. தடித்த கற்சுவர்களால் அறை நண்பகலிலும் குளிர்ந்திருந்தது. விறாந்தையில் அமர்ந்து எவ்வளவு நேரம் வாசித்தாலும் எவரும் இடையூறு செய்யவில்லை. வார இறுதியில் வாடகை கூடுவதால் வாரநாள்களே உகந்தவை.

1680 இல் போர்த்துக்கேயர் நிறுவிய இந்நகர், ஸ்பானியரிடமும் அவர்களிடமும் பலமுறை கைமாறி, 1995 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. கோணேசர் கோயிலை இடித்து அதே போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டைக்குள் நடந்து வளர்ந்த எனக்கு, இங்குள்ள கோட்டை வாயிலையும் மதில்களையும் வெறும் அழகாக மட்டும் பார்க்க இயலவில்லை. ஆயினும், நடுவில் மழைநீர் ஓடப் பள்ளம் அமைத்துக் கரடுமுரடான கற்கள் பதித்த ‘பெருமூச்சுத் தெரு’வில் மாலை வெயில் சாய்ந்து விழுகையில் மனம் நெகிழ்ந்துபோனது உண்மை. பழைய மடமொன்றின் இடிபாடுகளை ஒட்டி நிற்கும் வெளிச்சவீட்டில் ஏறினால், கடலெனவே தோன்றும் ரியோ டி லா பிளாட்டா ஆற்றின் மண்ணிற நீர்ப்பரப்பு முழுவதும் தெரியும்; நம் கொட்டியாரக் குடாவின் நீலத்தை அங்கே தேட வேண்டாம். அந்திப்பொழுதில் உள்ளூர்வாசிகள் வெந்நீர்க் குடுவையுடன் கரையில் அமர்ந்து, ஒரே குவளையிலிருந்து மாத்தே பானத்தை மாறி மாறி உறிஞ்சுவார்கள்.

உணவு மாட்டிறைச்சியையே பெரிதும் சார்ந்தது. சைவ உணவினருக்குக் கடலை மாவில் சுடும் ‘பைனா’ ரொட்டி கைகொடுக்கும். காலையில் விடுதியார் பாணுடன் தரும், பாலும் சீனியும் சேர்த்து நெடுநேரம் காய்ச்சிய துல்சே தெ லெச்சே மிகச் சுவையானது. காரத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

நமக்கு வாடைமழை பெய்யும் மார்கழியில் அங்கே கோடை. ஐப்பசி, கார்த்திகையில் சென்றால் வெப்பம் மிதமாக இருக்கும். கற்தெருக்கள் காலை வருத்துவதால், முதியோரை அழைத்துச் செல்பவர்கள் தடித்த அடிப்பாகமுள்ள சப்பாத்துகளைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள்.