வர்ஜீனியா திட்டமும் நியூ ஜெர்சி திட்டமும்: தோற்றது எது?

1787 கோடையில், அமெரிக்க அரசியல் சட்டத்தை உருவாக்கிய மாநாட்டுக்காகப் பிலடெல்பியாவில் கூடிய மாநிலப் பேராளர்கள் முன் இரண்டு வரைவுகள் மோதின. முதலாவது, மே 29 அன்று எட்மண்ட் ராண்டால்ஃப் வாசித்த வர்ஜீனியா திட்டம். அதன் பின்னாலிருந்த சிந்தனை ஜேம்ஸ் மேடிசனுடையது. இரண்டாவது, ஜூன் 15 அன்று வில்லியம் பேட்டர்சன் முன்வைத்த நியூ ஜெர்சி திட்டம். ஜூன் 19 வாக்கெடுப்பில் ஏழு மாநிலங்கள் வர்ஜீனியாவின் பக்கம் நின்றன, மூன்று எதிர்த்தன, மேரிலாந்தின் பேராளர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். மேடிசன் வென்றார் என்று கதையை இங்கேயே முடித்துவிடுவது பேட்டர்சனுக்கு இழைக்கும் அநீதி.

இரண்டு திட்டங்களும் ஒரே சிக்கலைத்தான் தீர்க்க முயன்றன. 13 மாநிலங்கள் அதுவரை இணைந்திருந்த பழைய கூட்டமைப்பில், அதன் பொது அவையான காங்கிரசுக்கு வரி விதிக்கும் அதிகாரமே இல்லை. இறக்குமதிக்கு 5 சதவீதத் தீர்வை கேட்ட 1781ஆம் ஆண்டு முயற்சியை ரோட் ஐலண்ட் என்ற ஒரே சிறு மாநிலம் முடக்கியது. திருத்தத்துக்கு 13 மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும் என்பது விதி.

பேட்டர்சன் பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்கச் சொன்னார். ஒரே அவை, மாநிலத்துக்கு ஒரு வாக்கு. கூடுதலாக இறக்குமதித் தீர்வை, முத்திரை வரி, வணிகத்தை முறைப்படுத்தும் உரிமை. மேடிசனோ பெரிய மாநிலங்களுக்குக் கூடுதல் இடம் தரும் இரண்டு அவைகள், தேசிய நிர்வாகம், தேசிய நீதித்துறை என்று அடித்தளத்திலிருந்தே புதிதாகக் கட்டச் சொன்னார். ஆட்சி இயந்திரமாகப் பார்த்தால் மேடிசன் பக்கமே நியாயம். பணம் தராத மாநிலத்தைப் பணிய வைக்கப் பேட்டர்சனிடம் கடைசியில் இருந்த வழி படைபலம். ஒரு மாநிலத்தின் மீது படை அனுப்பித்தான் சட்டம் நடக்கும் என்றால் அது அரசாங்கம் ஆகாது.

பிரதிநிதித்துவத்தில் தீர்ப்பு அவ்வளவு எளிதல்ல. 1790 கணக்கெடுப்பில் வர்ஜீனியாவில் சுமார் 7.47 லட்சம் பேர். டெலவேரில் 59 ஆயிரம். இரண்டுக்கும் ஒரே எடையா? பென்சில்வேனியாவின் 150 பேர் நியூ ஜெர்சியின் 50 பேருக்குச் சமமா என்ற பொருளில் பென்சில்வேனியாப் பேராளர் ஜேம்ஸ் வில்சன் கேட்டதற்குப் பேட்டர்சனிடம் தக்க பதில் இல்லை. ஆனால் வர்ஜீனியாவின் அந்த எண்ணிக்கையில் 2.92 லட்சம் பேர் அடிமைகள். சொந்த மாநிலத்திலேயே பிரதிநிதித்துவம் இல்லாதவர்களைத் தேசிய அவைக்கு மட்டும் ஏன் எண்ண வேண்டும் என்று ஜூலை 9 அன்று பேட்டர்சன் கேட்டார். அவரும் அடிமைகளைச் சொத்து என்றே சொன்னவர்தான். ஆனாலும் கேள்வி சரியானது. அதற்கு மாநாடு தந்த விடை, ஓர் அடிமையை ஐந்தில் மூன்று பங்காக எண்ணும் வெட்கக்கேடு.

ஜூலை 16 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சமரசம் நிறைவேறியது. பிரதிநிதிகள் அவையில் மக்கள்தொகை, செனட்டில் சம வாக்கு. பேட்டர்சன் கேட்டதில் பாதி கிடைத்துவிட்டது.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது மறுநாள் நடந்தது. மாநிலச் சட்டங்களைத் தேசிய அவையே ரத்து செய்ய வேண்டும் என்பது மேடிசனின் உயிரான கோரிக்கை. ஜூலை 17 அன்று மாநாடு அதை நிராகரித்தது. உடனே மேரிலாந்துப் பேராளர் லூதர் மார்ட்டின் எழுந்து, தோற்றுப்போன நியூ ஜெர்சி திட்டத்திலிருந்த ஒரு விதியை ஏறக்குறைய அப்படியே முன்மொழிந்தார்: காங்கிரசின் சட்டங்களும் உடன்படிக்கைகளும் மாநிலங்களின் உச்ச சட்டம், மாநில நீதிபதிகள் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். எதிர்ப்பே இல்லாமல் அது ஏற்கப்பட்டது. பின்னர் அரசியல் சட்டமும் அந்த வரியில் சேர்ந்தது. மாநிலச் சட்டம் அந்த உச்ச சட்டத்தை மீறினால் வழக்கு, தீர்ப்பு என்ற பாதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. 13 சட்டமன்றங்களின் ஒவ்வொரு சட்டத்தையும் ஓர் அரசியல் அவை உட்கார்ந்து சலிப்பதைவிட இது எவ்வளவோ மேல். மாநிலச் சட்டங்களை ரத்து செய்யும் அந்த அதிகாரம் கைநழுவியதை அக்டோபரில் ஜெஃபர்சனுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் மேடிசன் வருந்திப் பேசுகிறார்.

நியூ ஜெர்சிக்குச் சம வாக்கைக் கொடுங்கள், அதன் தயக்கங்கள் போய்விடும் என்று ஜூன் 16 அன்றே தென் கரோலினாப் பேராளர் சார்லஸ் பிங்க்னி சொல்லியிருந்தார். அப்படியே நடந்தது. டிசம்பர் 7 அன்று டெலவேரும் 18 அன்று நியூ ஜெர்சியும் ஓர் எதிர்வாக்குகூட இல்லாமல் அரசியல் சட்டத்தை ஏற்றன. வர்ஜீனியா அடுத்த ஆண்டு ஜூனில்தான், 89-க்கு 79 என்ற கணக்கில் ஏற்றது.