ரோபோவுக்கு ரப்பர் ட்ராக்: டைமிங் பெல்ட்டா, செயினா, பிரிண்ட் செய்த கண்ணியா?

ட்ராக் (டாங்கியில் இருப்பது போலச் சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை) வைத்த ரிமோட் ரோபோ செய்ய இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த ரப்பர் நல்லா பிடிக்கும்?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். நேராக ஓடும்போது எந்த ட்ராக்கும் ஒழுங்காகவே ஓடும். நின்ற இடத்தில் திரும்பச் சொன்னால்தான் அதன் குணம் தெரியும். பட்டை சக்கரத்திலிருந்து நழுவி ஓரத்துக்கு வரும், அல்லது மோட்டார் முனகிக்கொண்டு நின்றுவிடும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ரோபோ 5 கிலோ. இரண்டு ட்ராக்குக்கும் நடுவே 20 செ.மீ., தரையில் படியும் நீளம் 30 செ.மீ., உராய்வுக் கெழு 0.8. எடை சமமாகப் பரவியிருந்தால், நின்ற இடத்தில் திரும்ப ஒவ்வொரு ட்ராக்கும் கொடுக்க வேண்டிய விசை = உராய்வு × எடை × நீளம் ÷ (4 × இடைவெளி). விடை ஏறத்தாழ 14.7 நியூட்டன். சமதளத்தில் நேராக ஓட, உருளும் தடை 0.08 என்று வைத்தால், ஒரு ட்ராக்குக்கு 2 நியூட்டன் போதும். அதாவது திரும்புவதற்கு ஏழு மடங்குக்கு மேல் வேண்டும். 3 செ.மீ. ஆரமுள்ள பல்சக்கரம் என்றால் மோட்டார் 4.5 கிலோ-செ.மீ. முறுக்குவிசை தர வேண்டும். பிடிமானம் கூடக் கூட இதுவும் கூடும். ஆகவே நான் ஒரு ட்ராக்கை எடைபோடுவது மூன்றை வைத்துத்தான்: பக்கவாட்டில் தள்ளினால் தாங்குமா, பற்களின் இடைவெளி மாறாமல் இருக்குமா, நீளத்தைக் கூட்டிக் குறைக்க முடியுமா.

முதலில் டைமிங் பெல்ட், அதாவது உள்பக்கம் பல் வைத்த வளையப் பட்டை. இரண்டாவது கேள்வியில் இதை மிஞ்ச ஆளில்லை. உள்ளே கண்ணாடி இழையோ எஃகு இழையோ ஓடுவதால் பெல்ட் நீள்வதே இல்லை. பல்லும் சக்கரமும் எப்போதும் பொருந்தும், சத்தமும் குறைவு. விலை கொடுக்க வேண்டியது நீளத்தில்தான். மூடிய வளையமாக வருவதால் ரோபோவின் சட்டத்தைப் பெல்ட்டுக்கு ஏற்பத்தான் அமைக்க முடியும். 5 மி.மீ. இடைவெளியில் 160 பற்கள் உள்ள பெல்ட், இரு முனையிலும் 24 பல் சக்கரம் என்றால், அச்சுத்தண்டுகளுக்கு நடுவே 340 மி.மீ. தூரம் இருந்தாக வேண்டும். (160-இலிருந்து 24-ஐக் கழித்து, இரண்டால் வகுத்து, ஐந்தால் பெருக்கினால் வந்துவிடும்.) பெல்ட்டைக் கையில் வாங்கிய பிறகே சட்டத்தில் துளை போடுங்கள்.

வெளிப்பக்கம் வழவழப்பாக இருப்பது அடுத்த சிக்கல். சிலர் பெல்ட்டை உள்வெளியாகத் திருப்பிப் போடுகிறார்கள். பற்கள் தரையைப் பிடிக்கும்தான், ஆனால் மோட்டார் சக்கரம் வெறும் உராய்வை நம்பி ஓட வேண்டியிருக்கும். திரும்பும்போது முதலில் வழுக்குவது அங்கேதான். இரு பக்கமும் பல் உள்ள பெல்ட் கிடைத்தால் அது மேல். கிடைக்காவிட்டால் முதுகை மணல்தாளால் தேய்த்துத் துடைத்து, இரு பரப்பிலும் கான்டாக்ட் பசை தடவி, தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டு, ரப்பர் கீற்றுகளை அழுத்தி ஒட்டலாம். கீற்றுகளைக் குறுக்காக, இடைவெளி விட்டு ஒட்டுங்கள். அகலமாக ஒட்டினால் சக்கரத்தில் வளையும்போது உரிந்துவிடும். சூப்பர் க்ளூ வேண்டாம். காய்ந்ததும் மொறமொறப்பாகி வளைவில் விரிசல் விடும்.

நீளாத குணமே கல் மாட்டும்போது எமனாகிறது. பல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சரளைக்கல் புகுந்தால் பெல்ட் விட்டுக்கொடுக்காது. தண்டு வளையும், அல்லது பெல்ட் பல்லைத் தாண்டிக் குதிக்கும். மோட்டார் இணையாமல் சும்மா சுற்றும் முனைச்சக்கரத்தை ஸ்பிரிங் வைத்துத் தள்ளி நிறுத்தினால் இது பாதி தீரும். கற்கள் நிறைந்த தரை என்றால் டைமிங் பெல்ட்டையே நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

அங்கே செயின்தான். சைக்கிள் செயினின் இடைவெளி 12.7 மி.மீ.; சின்ன ரோபோவுக்கு 6.35 மி.மீ. செயினும் உண்டு. பக்கவாட்டில் காது வைத்த செயின் கிடைத்தால், பழைய டயரிலிருந்தோ கன்வேயர் பெல்ட்டிலிருந்தோ வெட்டிய ரப்பர் கட்டைகளைப் போல்ட் போட்டு முடுக்கிவிடலாம். இரண்டு செயினை இணையாக ஓட்டி நடுவே குறுக்குப் பட்டை வைத்தால் எவ்வளவு அகலமான ட்ராக்கும் சாத்தியம். ஒரு ரப்பர் கட்டை கிழிந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பெல்ட்டில் இந்த வசதி கிடையாது. கல் மாட்டினாலும் பெரும்பாலும் நொறுங்கியோ தெறித்தோ போகும்.

எடையும் சத்தமும் இதன் குறைகள். மணல் புகுந்தால் கண்ணிகளைக் கோக்கும் பின்கள் தேய்ந்து செயின் மெல்ல மெல்ல நீளும். எண்ணெய் போட்டால் மணல் இன்னும் ஒட்டும். நீளத்தைக் குறைக்க சைக்கிள் செயினில் உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் ஜோடியாகப் போக வேண்டும். ஒரு தடவைக்கு 25.4 மி.மீ. முனைச்சக்கரத்தை ஒரு மி.மீ. நகர்த்தினால் வளையத்தில் இரண்டு மி.மீ. இறுகும். எனவே அதன் தண்டு நகரும் காடிக்கு 12.7 மி.மீ. நீளம் இருந்தாலே இடைவெளி முழுக்கச் சமாளிக்கும். கண்ணி கோத்த எந்த ட்ராக்குக்கும் இதே கணக்குதான்: கழற்றும் நீளத்தில் பாதி.

3டி பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு மூன்றாவது வழி பிடித்தமானது. இதிலேயே இரண்டு கட்சி. கெட்டியான பிளாஸ்டிக்கில் கண்ணிகள் அச்சடித்து, குறுக்கே பின் செருகிக் கோப்பது ஒன்று, டி.பி.யூ. என்னும் ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக்கில் முழுப் பட்டையாக அச்சடிப்பது மற்றொன்று. எனக்கு முதல் கட்சிதான் சரி. கண்ணிக்கு உள்பக்கம் ஒரு கொம்பு வைத்து, சக்கரத்தின் நடுவே பள்ளம் விட்டால், திரும்பும்போது பட்டை நழுவுவதைக் கொம்பு தடுத்துவிடும். பெல்ட்டில் இதற்காகச் சக்கரத்துக்கு இருபுறமும் விளிம்பு கட்ட வேண்டும். இழுவிசை அடுக்குகளின் வழியே ஓடும்படி கண்ணியைப் படுக்கவைத்து அச்சடியுங்கள். நிறுத்தி அச்சடித்தால் அடுக்குப் பிரிந்து உடையும். இலகுவான ரோபோவுக்கு 1.75 மி.மீ. பிளாஸ்டிக் இழைத் துண்டே பின் ஆகும். கொஞ்சம் எடை ஏறினால் 2 அல்லது 3 மி.மீ. எஃகுக் கம்பி வேண்டும். கெட்டி பிளாஸ்டிக் ஓட்டுத்தரையில் வழுக்கும் என்பதால் தரைப் பக்கம் ரப்பர் கீற்றோ டி.பி.யூ. தொப்பியோ தேவைப்படும்.

கண்ணி நீளமாக, பல்சக்கரம் சின்னதாக இருந்தால் வண்டி குலுங்கும். ஆறு பல்லில் வேகம் ஒவ்வொரு கண்ணிக்கும் 13 சதவீதம் ஏறி இறங்கும். பன்னிரண்டில் அது மூன்றரைக்கும் கீழே. செயினுக்கும் இதே விதிதான், ஆனால் அங்கே யாரும் ஆறு பல் வைப்பதில்லை.

டி.பி.யூ. முழுப்பட்டை பார்க்க அழகு. இழுத்தால் நீள்வதுதான் வம்பு: பாரம் ஏறும்போது பற்களின் இடைவெளி விரிந்து, பட்டை சக்கரத்தின் மேல் ஏறிக்கொள்ளும். ஷோர் என்ற கடின அளவில் 95ஏ உள்ள கெட்டி வகையில் இது குறைவு, மெத்தென்றதில் அதிகம். மெத்தென்றதுதான் நன்றாகப் பிடிக்கும் என்பது வேறு கதை.

அச்சில் ஊற்றி வார்க்கும் பாலியூரத்தேனுக்கும் இதே நோய், ஆனால் மருந்து உண்டு. ஊற்றும் முன் நைலான் கயிறோ துணியோ சுற்றி உள்ளே புதைத்தால் நீட்சி அடங்கும். பல்சக்கரத்தின் விட்டத்தை அந்தக் கயிறு ஓடும் கோட்டை வைத்துக் கணக்கிட வேண்டும், பட்டையின் உள்பரப்பை வைத்து அல்ல. உழைப்புதான் யோசிக்க வைக்கிறது. 800 மி.மீ. சுற்றளவுக்கு 255 மி.மீ. விட்டமுள்ள வார்ப்பு வேண்டும், ஈரப்பதம் பட்டால் குமிழி வரும், வேலை நடக்கும் இடத்தில் காற்றோட்டமும் கையுறையும் கட்டாயம். ஒரே அளவில் பல ஜோடி தேவை என்றால் மட்டும் இறங்குங்கள். சிலிக்கானை விட்டுவிடுங்கள். பிடிமானம் பிரமாதம், ஆனால் ஒரு கீறல் விழுந்தால் அங்கிருந்தே கிழியும்.

சைக்கிள் டியூப்பை வெட்டி மாட்டுவது காசில்லாத வழி. அரைக் கிலோ பொம்மைக்குச் சரி, அதற்கு மேல் வேண்டாம்.

என் கணக்கில் வீட்டுத் தரையில் ஓடும் 3 கிலோ வரையான ரோபோவுக்கு டைமிங் பெல்ட், மண்ணிலும் புல்லிலும் ஓடுவதற்குக் கொம்பு வைத்த கண்ணி, 10 கிலோவைத் தாண்டினால் செயின். எதை மாட்டினாலும் மோட்டாரைப் பின்சக்கரத்தில் வையுங்கள். முன்னே போகும்போது மேல்பகுதி தளர்வாகவே இருக்கும், இழுவை தரைப்பக்கத்தோடு நிற்கும். நடுச் சக்கரங்களை மட்டும் 2, 3 மி.மீ. தாழ்த்தினால் கெட்டித் தரையில் படியும் நீளம் குறைந்து, மேலே போட்ட 14.7 நியூட்டன் கணக்கே இறங்கிவிடும். ட்ராக்கை வீணைத் தந்தி மாதிரி முறுக்கத் தேவையில்லை. மேல்பகுதியை விரலால் அழுத்தினால் லேசாகத் தாழட்டும். பின்னோக்கி ஓட்டியபடி சட்டென்று திருப்பிப் பாருங்கள். அதில் கழன்றால் முனைச்சக்கரத்தை நகர்த்தும் போல்ட்டைக் கால் சுற்று இறுக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.