பிள்ளையின் கழுத்தை நெட்டி எடுக்க விடாதீர்கள்

பினாங்கில் பிள்ளை வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள். எங்கள் ஏழு வயது மகளுக்குக் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் முதுகெலும்பு மையத்துக்குக் கூட்டிப்போனோம். முன்பக்கமாக ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். "தசை இறுக்கம்தான், நெட்டி எடுத்தால் சரியாகிவிடும்" என்று 3,000 வெள்ளிக்கு பேக்கேஜ் விற்றார்கள். எக்ஸ்ரே படத்தைப் படித்துச் சொல்லும் ரேடியாலஜிஸ்ட் யாராவது அதைப் பார்த்தாரா என்று கேட்டால் பதிலே இல்லை.

கழுத்தைத் திருப்பிவிட்ட நாளெல்லாம் பிள்ளை கை மரத்துப்போகிறது என்றாள். "ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அப்புறம் நாங்கள் போகவில்லை. அரசாங்க கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போனோம்.

அங்கே பக்கவாட்டில் படம் எடுத்தார்கள். பிள்ளையையே மெதுவாகக் குனியவும் நிமிரவும் சொல்லி மறுபடி எடுத்தார்கள். கழுத்தின் இரண்டாவது, மூன்றாவது எலும்புகள் பிறவியிலேயே ஒட்டியிருப்பது அதில்தான் தெரிந்தது. கிளிப்பெல்-ஃபெய்ல் என்று பெயராம். 1912-லேயே பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதிவைத்த குறை. இதன் அடையாளங்களாகச் சொல்லும் குட்டைக் கழுத்து, பிடரியில் தாழ இறங்கிய முடி, சரியாகத் திரும்பாத கழுத்து ஆகிய மூன்றும் பாதிப் பேருக்குக்கூட ஒன்றாக இருப்பதில்லை. எங்கள் பிள்ளைக்கும் முடி சாதாரணமாகத்தான் இருக்கிறது.

ஒட்டிய எலும்புகள் அசையாது. அவை செய்ய வேண்டிய அசைவையும் மேலும் கீழும் உள்ள மூட்டுகளே தாங்குகின்றன. அங்கே தளர்ச்சி இருக்கும்போது யாராவது வெடுக்கென்று திருப்பினால் தண்டுவடமே நசுங்கலாம். இதைக் கேட்டபோது எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. எம்ஆர்ஐயில் தண்டுவடம் நன்றாக இருந்தது, கடவுள் புண்ணியம். இந்தக் குறையோடு சிறுநீரகம், காது, இருதயத்திலும் கோளாறு வரலாம் என்று அவற்றையும் சோதித்தார்கள். சின்னக் குழந்தைகளுக்கு எலும்பு இன்னும் குருத்தெலும்பாக இருப்பதால் ஒட்டியிருப்பது எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகுமாம். சாய்வு தொடர்ந்தால் வளர்ந்தபின் மறுபடி பார்க்க வேண்டும்.

மையத்தில் எங்கள் படத்தைக் கேட்டோம். பேக்கேஜ் முடிந்தால்தான் தருவோம் என்றார்கள். பணமும் திரும்பவில்லை. 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டப்படி இப்படி முதுகெலும்பை நெட்டி எடுக்கும் கைரோபிராக்டர்கள் பதிவு செய்திருக்க வேண்டும். உள்ளே நுழையும்போதே சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். சுகாதார அமைச்சுக்குப் புகார் அனுப்பிவிட்டோம். இப்படி ஏமாந்தவர்கள் ரசீது வைத்திருந்தால் நீங்களும் எழுதிப் போடுங்கள்.